பழைய ஜீப் வண்டியின் இஞ்சின் கொதித்தல்: காரணங்களும் பரிகாரங்களும்

மலையும் மேடும் சேர்ந்த ஜில்லாக்களில் பழைய ஜீப் வண்டி குடியானவருடைய குடும்பத்தில் ஓர் அங்கமாகவே இருந்து வருகிறது. எருமூட்டையை மேலே கொண்டுபோவதும், காய்கறியைக் கீழே சந்தைக்குக் கொண்டுவருவதும், கம்பம், போடி ஆகிய இடங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்வதும் அதன் வேலைகளாகும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கக்கூடிய இவ்வண்டி, வேறு வண்டிகள் ஏற இயலாத சேற்றிலும் செங்குத்திலும் ஏறிவிடும். ஆனால் இவ்வண்டிகளை வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கப்படும் முறையீடு ஒன்று உண்டு. “வண்டி கொதிக்கிறது, எத்தனை தடவை பழுது பார்த்தும் நிற்கவில்லை” என்பதே அது.

இம்முறையீட்டுடன் வருவோரிற் பலர், ரேடியேட்டரை மாற்றி, தண்ணீர்ப் பம்பை மாற்றி, கடைசியில் இஞ்சினையே பிரித்துப் பெரும் பணத்தைச் செலவிட்டவர்களாக இருக்கின்றனர். குறை என்னவோ இற்றுப்போன ஒரு ரப்பர் வளையத்தில் இருந்திருக்கும். நெற்பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவை வாரி இறைப்பவன் எவ்வாறு நஷ்டமடைவானோ, அவ்வாறே கொதிப்புக் கண்டவுடன் கைக்கு வந்த சாமானை மாற்றுபவனும் நஷ்டமடைவான். கொதித்தல் நோயன்று, நோயின் அறிகுறியே. நோய் எங்கேயுள்ளது என்பதை, செலவில்லாத பரீட்சைகளில் தொடங்கி வரிசையாகத் தேடிக் காணும் முறையை இக்கட்டுரையில் விளக்குவோம்.

வண்டியின் வரலாறு

ஜீப் வண்டி 1941-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனியாரால் பெருவாரியாகச் செய்யப்படலாயிற்று. வில்லிஸ் வண்டியின் இஞ்சின் நான்கு சிலிண்டர்களும் சுமார் 2,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. 60 குதிரைச் சக்தி தரவல்லது. யுத்தம் முடிந்த 1945-ம் ஆண்டிலேயே அக்கம்பெனியார் அதைச் சிறிது மாற்றி, உழவுக்கும் இழுவைக்கும் ஏற்ற பண்ணை வண்டியாக விற்கத் தொடங்கினர். நம் நாட்டில் மகேந்திரா கம்பெனியார் 1940-ம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து வில்லிஸ் கம்பெனியின் அநுமதியோடு இவ்வண்டிகளைப் பூட்டி விற்கலாயினர். பின்னர் அவை இங்கேயே செய்யப்பட்டன. பெட்ரோல் இஞ்சினுக்குப் பதிலாக டீஸல் இஞ்சினும் பொருத்தப்பட்டது. இஞ்சின் எதுவாயினும், தண்ணீரால் அதைக் குளிர்விக்கும் முறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் இங்கே கூறுவன பெரும்பாலும் எல்லாப் பழைய ஜீப்களுக்கும் பொருந்தும்.

உஷ்ணம் செல்லும் வழி

இஞ்சினுள் எரியும் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஏறும். வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியிலும், பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம் சுமார் 660 டிகிரியிலும் உருகிவிடும். இவை உருகாமலிருப்பது, சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் உஷ்ணத்தை இடைவிடாது வாங்கிக் கொண்டு போவதனாலேயே. எரிபொருளில் உள்ள சக்தியில் சுமார் நாலில் ஒரு பாகமே பெட்ரோல் வண்டியின் ஓட்டத்துக்குப் பயன்படுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் தண்ணீரின் வழியாகவும், மீதியிற் பெரும்பகுதி புகைக்குழாயின் வழியாகவும் வீணே வெளியேறுகிறது.

தண்ணீரின் பிரயாணம் பின்வருமாறு. பெல்ட்டினால் சுழலும் பம்பு, ரேடியேட்டரின் அடித்தொட்டியிலிருந்து குளிர்ந்த நீரை இழுத்து இஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிலிண்டர்களையும் ஹெட்டையும் சுற்றிச் சூடேறிய நீர், தெர்மாஸ்டாட் என்னும் தானே திறக்கும் கதவின் வழியாக மேற்குழாயை அடைந்து, ரேடியேட்டரின் மேல்தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து மெல்லிய குழல்களில் இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்றும் வண்டியின் ஓட்டத்தால் வரும் காற்றும் அதைக் குளிர்விக்கின்றன. ஆகவே கொதிப்புக்குக் காரணங்கள் நான்கு வகையில் அடங்கும். ஒன்று, தண்ணீர் போதாமை. இரண்டு, தண்ணீர் ஓடாமை. மூன்று, காற்று வாராமை. நான்கு, இஞ்சின் அளவுக்கு மீறி உஷ்ணத்தை உண்டாக்குதல்.

வழியிற் கொதித்தால் செய்யவேண்டியது

காரணத்தைத் தேடுமுன், வழியில் கொதித்த வண்டியை எவ்வாறு கையாள்வது என்பதை ஒவ்வொரு வண்டிக்காரரும் அறிந்திருக்க வேண்டும். இதில் செய்யும் பிழையினால் கையும் முகமும் வெந்துபோவதுண்டு. நல்ல இஞ்சினும் கெட்டுப்போவதுண்டு.

முள் அபாயக் குறியை நெருங்கியதும் சுமையை நம்பி இன்னும் ஒரு வளைவு என்று ஏறக்கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்கவும். ஆவி பீறிடாமலும் பெல்ட் அறாமலும் இருந்தால், இஞ்சினை உடனே நிறுத்தாமல், கியரை விடுவித்துச் சற்று வேகமாகச் சில நிமிஷம் ஓடவிட வேண்டும். பம்பும் விசிறியும் வேலை செய்து உஷ்ணத்தைத் தணிக்கும். முள் இறங்காவிட்டாலும், ஆவி பீறிட்டாலும், பெல்ட் அறுந்திருந்தாலும், உடனே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது. உள்ளே அழுத்தத்தினால் கொதியாமல் அடங்கி நிற்கும் நீர், மூடி திறந்த கணத்திலேயே ஆவியாகிப் பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் பொறுத்து, மேல்தொட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், தடித்த துணியை மடித்துப் போட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, மூடியை முதல் தடுப்பு வரையில் மட்டும் திருகி, ஆவி போனபின் முழுதும் திறக்கவும். இஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். காய்ந்த இரும்பில் ஓடைத் தண்ணீரைத் திடீரெனக் கொட்டினால் ஹெட்டோ பிளாக்கோ வெடித்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல என்று எண்ணிக்கொள்க.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய வண்டியில் உஷ்ணங்காட்டும் முள் தண்ணீரின் சூட்டையே அளக்கிறது. தண்ணீர் முழுதும் போய்விட்டால், அதன் முனை வெறும் ஆவியிலோ காற்றிலோ நிற்பதால், முள் தாழ்ந்துபோவதுண்டு. ஏறிய முள் காரணமின்றித் திடீரென்று இறங்கினால் அது சுபமன்று. வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய குறியாகும்.

எப்பொழுது கொதிக்கிறது என்பதே முதற் கேள்வி

வைத்தியர் நோயாளியைத் தொடுமுன், காய்ச்சல் காலையிலா மாலையிலா என்று கேட்பார். வண்டிக்கும் அவ்வாறே கேட்டல் வேண்டும். கருவி ஒன்றும் வேண்டாத இப்பரீட்சை, பாதி வேலையை முடித்துவிடும்.

வண்டி நிற்கும்போதும், ஊர்ந்து செல்லும்போதும் கொதித்து, சமதரையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது தணியுமாயின், குறை காற்றில் இருக்கிறது. ஓட்டத்தின் காற்று கிடைத்தவுடன் தணிவதே இதற்குச் சான்று. விசிறி, பெல்ட், விசிறிக் கூண்டு ஆகியவற்றைப் பார்க்கவும்.

மெதுவாகச் செல்லும்போது அடங்கியிருந்து, வேகமாக ஓட்டும்போதும் நீண்ட ஏற்றத்திலும் கொதிக்குமாயின், குறை தண்ணீரின் ஓட்டத்தில் இருக்கிறது. சிறிது உஷ்ணத்தைச் சமாளிக்கும் ரேடியேட்டர் பெரும் உஷ்ணத்தைச் சமாளிக்கவில்லை என்று பொருள். அடைத்த குழல்கள், அமுங்கும் கீழ்க்குழாய், தேய்ந்த பம்பு ஆகியவற்றைப் பார்க்கவும்.

புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே கொதிக்குமாயின், தண்ணீர் குறைவாக இருக்கலாம். தெர்மாஸ்டாட் மூடியபடியே நின்றிருக்கலாம். அல்லது ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்.

எங்கும் ஒழுகாமலே நாள்தோறும் தண்ணீர் குறைந்து வருமாயின், மூடியையும் ஹெட் காஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும்.

சமவெளியில் ஒரு குறையுமின்றி ஓடி, உயர்ந்த மலையில் மட்டும் கொதிக்குமாயின், முதலில் மூடியைப் பார்க்கவும். இதன் காரணம் பின்வருமாறு.

மூடியும் மலையும்

தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். அங்கே 93 டிகிரியை எட்டுமுன்னரே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் அங்கே வேகத் தாமதமாவது இதனாலேயே.

இக்குறையை ஈடுசெய்யவே ரேடியேட்டர் மூடியில் வில்லும் ரப்பர் வளையமும் வைக்கப்பட்டிருக்கின்றன. யுத்தகால வில்லிஸ் வண்டியின் மூடி, சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தம் தாங்கும். அவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் கடல் மட்டத்தில் சுமார் 107 டிகிரி வரையிலும், உதகமண்டலத்தில் சுமார் 101 டிகிரி வரையிலும் கொதியாமல் நிற்கும். வளையம் இற்றுப்போனால் அழுத்தம் நிற்காது. அப்பொழுது உதகையில் 93 டிகிரியிலேயே ஆவி கிளம்பிவிடும். ஏற்றத்தில் இழுக்கும் இஞ்சினின் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் ஏறுவது சாதாரணமே. ஆகவே இஞ்சினில் யாதொரு குறையும் இல்லாவிடினும் வண்டி கொதிக்கும். தண்ணீர் வெளியே போனபின் மெய்யான கொதிப்பும் தொடரும்.

வண்டி ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி, வளையம் வெடித்தோ கல்லாய் இறுகியோ இருக்கிறதா, வில் விறைப்பாக இருக்கிறதா, கழுத்தின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். வேண்டுமாயின் அதே அழுத்தக் குறியுள்ள புதிய மூடியே வாங்க வேண்டும். அதிக அழுத்தமுள்ள மூடி அதிக நன்மை தரும் என்று எண்ணி நவீன வண்டியின் மூடியைப் போட்டால், பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுப்போகும்.

காற்றின் வழி

முதலில் ரேடியேட்டரின் முகத்தைப் பார்க்கவும். புல்விதை, பூச்சி, வைக்கோல் தூசு, ஓடையைக் கடந்தபோது தெறித்த சேறு ஆகியவை தகடுகளின் நடுவே அடைத்துக் காற்றை மறித்திருக்கும். இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதிக வேகமில்லாத தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். கம்பி கொண்டு குத்தினால் தகடுகள் மடங்கிவிடும். பின்பு முகத்துக்கு முன்னால் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கவும். பெட்ரோல் டின், விளக்குகள், பெயர்ப் பலகை, தார்ப்பாய்ச் சுருள் முதலியன அழகையும் வசதியையும் தந்தாலும் காற்றைத் தடுக்கும்.

விசிறிப் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையில் அமுங்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கைப்புத்தகத்தில் கண்டிருக்கும். அதிகம் தளர்ந்தால் வழுக்கும். அதிகம் இறுகினால் பம்பின் பேரிங்கு தேயும். பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்குகிறது என்று அறிக.

விசிறி காற்றை முன்னிருந்து பின்னோக்கி இழுக்க வேண்டும். இஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டரின் முன்முகத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் இழுப்புப் போதாது. பழுது பார்த்தவர் விசிறியை முன்பின்னாக மாட்டியிருப்பதும், பின்னால் பொருத்திய மின்சார விசிறியின் கம்பிகள் மாறி அது எதிர்ப்புறம் சுழல்வதும் உண்டு. விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டு உடைந்தபோது அதை எறிந்துவிடுவோர் பலர். கூண்டு இல்லையேல் விசிறி ரேடியேட்டரின் வழியாக இழுப்பதை விட்டு, பக்கத்திலுள்ள காற்றையே சுற்றிச் சுழற்றும்.

பண்ணையில் ஜீப்பை நிறுத்திவைத்து, அதன் சக்தியால் பம்பையோ கதிரடிக்கும் யந்திரத்தையோ ஓட்டுபவர் இவற்றை மேலும் கவனித்தல் வேண்டும். நிற்கும் வண்டிக்கு விசிறிக் காற்று ஒன்றே கதி. முகத்தைக் காற்று வரும் திக்கில் நிறுத்தி, மணிக்கொரு தரம் தூசைத் தட்டிவிடுக.

தண்ணீரின் வழி

ரேடியேட்டரின் குழல்கள் உள்ளே அடைத்திருப்பதைக் கையாலேயே அறியலாம். இஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, விசிறி நின்றபின், ரேடியேட்டரின் முகத்தில் பல இடங்களில் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்கவும். மின்சார விசிறியுள்ள வண்டியில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டே கைவைக்க வேண்டும். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைந்து வருவது சரி. நடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. அவ்வாறாயின், ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். அதற்கும் மசியாத அடைப்பை, தொட்டிகளைப் பிரித்துக் குழல்களைச் சுத்தம் செய்யும் ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து நீக்கலாம். அப்பொழுதே பிளாக்கின் பக்கத்திலுள்ள வடிகுழாயையும் திறக்கவும். பம்புக்குத் தூரமான பின் சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு படிந்து, ரேடியேட்டர் புதிதாயிருந்தும் இஞ்சின் கொதிப்பதுண்டு.

கீழ்க்குழாய் பம்பு உறிஞ்சும் பக்கத்திலுள்ளது. ரப்பர் இளகிப் போயிருந்தால், இஞ்சின் வேகமாகச் சுழலும்போது அது உள்ளுக்குள் அமுங்கித் தண்ணீரை நிறுத்திவிடும். வேகம் தணிந்ததும் பழையபடி விரியும். ஆகையால் நிற்கும் வண்டியில் இக்குறை புலப்படாது. ஒருவர் இஞ்சினை முடுக்க, மற்றொருவர் குழாயைக் கண்ணால் கவனித்தல் வேண்டும். இதைத் தடுக்கவே அக்குழாயினுள் கம்பிச் சுருள் வைக்கப்படுகிறது. குழாயை மாற்றும்போது சுருளை மறந்துவிடலாகாது.

பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதன் வழியே சொட்டுமாயின் உள்ளேயுள்ள அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது. அத்துவாரத்தைப் பிசின் வைத்து அடைப்பவன் பேரிங்கையும் கெடுத்துக் கொள்வான்.

தெர்மாஸ்டாட்டைப் பற்றி ஒரு தவறான வழக்கம் பரவியுள்ளது. “நம் நாட்டு வெயிலுக்கு இது வேண்டாம்” என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது முழுதும் தவறு. அது இல்லையேல் இஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். எண்ணெய் சரியாக இளகாமல் சிலிண்டர் தேயும். எரிபொருள் அதிகம் செலவாகும். சில இஞ்சின்களில், சூடேறியபின் சுற்றுவழியை அடைக்கும் வேலையும் அதனுடையதே. அவற்றில் தெர்மாஸ்டாட்டை நீக்கினால், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வந்து, கொதிப்பு அதிகப்படும். ஐயமிருந்தால் அதைக் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, உஷ்ணமானியுடன் காய்ச்சிப் பார்க்கவும். அதில் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, சில டிகிரிகளுக்கு மேல் நன்கு திறக்க வேண்டும். திறவாவிடில் புதியது போடுக. அதன் விலை அற்பமே.

தண்ணீரின் குணமும் பெரிது. ஆழ்கிணற்று உப்புநீரை ஊற்றி வந்தால், பானையின் அடியில் படிவதுபோலச் சுண்ணாம்புப் படலம் இஞ்சினுள்ளும் படியும். அது உஷ்ணத்தை இரும்பைப்போலக் கடத்தாது. மழைநீரோ, வாலைநீரோ ஊற்றுதல் உத்தமம். எதிலீன் கிளைக்கால் சேர்ந்த கூலன்ட் திரவத்தைச் சம பாகமாகக் கலந்தால் கொதிநிலை ஏறக்குறைய 7 டிகிரி உயர்வதோடு, துருப்பிடித்தலும் தடைப்படும். ஆனால் இத்திரவம் இனிப்பானது, கொடிய விஷம். வடித்த திரவத்தை நாயும் கன்றும் குழந்தையும் அணுகாதபடி மூடிவைக்க வேண்டும்.

உஷ்ணத்தை அதிகமாக்கும் காரணங்கள்

தண்ணீரும் காற்றும் சரியாயிருந்தும் கொதித்தால், இஞ்சின் அளவுக்கு மேல் உழைக்கின்றதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி தாமதித்து விழுந்தாலும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை சென்றாலும் சூடு ஏறும். டீஸல் இஞ்சின் கரும்புகை கக்கினால், இன்ஜெக்டரையும் எண்ணெய் அளவையும் சரிபார்க்க வேண்டும். பிரேக்கு பிடித்தபடியே நின்றாலும் இஞ்சினுக்குச் சுமையாகும். சமதரையில் சில கிலோமீட்டர் ஓட்டியபின் ஒவ்வொரு சக்கரக் குடத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், பிடித்த சக்கரம் அதிகச் சூட்டினால் தானே தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

நாற்சக்கர வண்டிக்கே உரிய காரணம் ஒன்றுண்டு. பழைய ஜீப்பில் முன்சக்கர இயக்கத்தைச் சேர்த்துவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே அளவாகவே சுழலும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சறுக்கி இவ்வித்தியாசத்தைச் சரிசெய்து கொள்ளும். உலர்ந்த தார் ரோட்டில் சறுக்க இடமில்லாததால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்; இஞ்சின் அந்த முறுக்கையும் சேர்த்து இழுக்க நேரிடும். சேறு கடந்தபின் முன் இயக்கத்தை விலக்க மறப்பவர், வண்டி வீணாய் இழுப்பதையும், டயர் தேய்வதையும், சூடேறுவதையும் காண்பர்.

ஓட்டும் முறையிலும் ஒரு பிழை உண்டு. எண்ணெய் மிச்சமாகும் என்றெண்ணி ஏற்றத்தில் உயர்ந்த கியரிலேயே முழு மிதிப்பில் இழுக்கிறார்கள். விசிறியும் பம்பும் இஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், இஞ்சின் திணறி மெதுவாகச் சுழலும்போது அவையும் மெதுவாகவே சுழலும். உஷ்ணமோ மிகுதியாக உண்டாகும். ஒரு கியரைக் குறைத்து, இஞ்சினைத் தாராளமாகச் சுழலவிட்டு, மிதிப்பைக் குறைத்து ஏறினால் பல வண்டிகள் ஒரு செலவுமின்றிக் கொதிப்பு நீங்கிவிடும்.

ஹெட் காஸ்கெட்

மேற்கூறிய எல்லாவற்றையும் பார்த்தபின்னரே இதற்கு வரவேண்டும். இதன் அறிகுறிகளாவன: புகைக்குழாயில் நிற்காத வெண்புகை, இஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாதல், ஆறிய இஞ்சினைக் கிளப்பிய சில நொடிகளிலேயே மேற்குழாய் விறைத்தல், ஒழுகாமலே தண்ணீர் குறைதல்.

உறுதி செய்ய ஓர் எளிய பரீட்சை உண்டு. ஆறிய இஞ்சினில் பம்புப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி போடாமல், இஞ்சினை ஒரு நிமிஷத்துக்கு மேற்படாமல் ஓடவிடுக. பம்பு நின்றிருப்பதால் தண்ணீர் அசையாது. அப்படியிருந்தும் கழுத்தில் குமிழிகள் விடாது கிளம்புமாயின், சிலிண்டரின் வாயு தண்ணீரில் கலக்கிறது. காஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டு வளைந்தோ விரிந்தோ இருக்கலாம். புதிய காஸ்கெட்டை மட்டும் போட்டு மூடினால் ஒரு மாதத்தில் திரும்பப் போகும். ஹெட்டின் முகத்தை நேர்விளிம்புக் கட்டை வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் சமன்செய்து, போல்ட்டுகளைக் கைப்புத்தகத்தில் சொன்ன வரிசையிலும் இறுக்கத்திலும் முடுக்க வேண்டும்.

இந்நிலைக்கு வந்த வண்டிகளிற் பெரும்பாலானவை, சிறு குறையினால் பலமுறை கொதித்தும் ஓட்டப்பட்டவையே என்பதை மறக்கலாகாது. தக்காளி கூடைகளோடு சந்தைக்குப் புறப்பட்டவர் ஒருமணி நேரம் நின்று ஆறவைத்தால், சந்தையில் விலை சற்றுக் குறையலாம். நிற்காமல் ஓட்டினால், அந்தப் பருவம் முழுவதுமே வண்டியின்றிக் கூலிவண்டிக்குக் கொடுக்க நேரிடும்.

பரீட்சை வரிசை

சுருக்கமாக, கொதிக்கும் வண்டியைப் பின்வரும் வரிசையில் பரீட்சித்து வருதல் நலம்.

1. ஆறியபின் தண்ணீர் மட்டம், ஒழுகல், மூடியின் வளையம்.
2. ரேடியேட்டரின் முகம், அதன்முன் உள்ள தடைகள்.
3. பெல்ட்டின் இறுக்கம், விசிறியின் திக்கு, கூண்டு.
4. மேல், கீழ்க் குழாய்கள்.
5. தெர்மாஸ்டாட்.
6. ரேடியேட்டரின் குளிர்ந்த திட்டுகள், பிளாக்கில் படிந்த சேறு.
7. பம்பு.
8. தீப்பொறி, எரிபொருள், பிரேக்கு, முன்சக்கர இயக்கம்.
9. ஹெட் காஸ்கெட்.

முதல் நான்கும் வண்டிக்காரர் தாமே அரைமணி நேரத்தில் செய்யக்கூடியவை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வண்டியை ஓட்டிப் பார்த்து, குணம் கண்டதா என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வருக. நான்கு சாமான்களை ஒரே நாளில் மாற்றியவருக்கு, எது குறையாயிருந்தது என்பது கடைசிவரை விளங்காது; மறுமுறை கொதிக்கும்போது மீண்டும் நான்கையும் மாற்ற வேண்டியதுதான்.

உழவுமாட்டின் நுகத்தடிப் புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டு மஞ்சளும் எண்ணெயும் இடுபவன், மாட்டையும் பருவத்தையும் காப்பாற்றிக் கொள்கிறான். ஜீப்பின் முள் வழக்கத்துக்குமேல் ஒரு விரற்கடை ஏறும்போதே நின்று காரணத்தைத் தேடுபவனும் அவ்வாறே தன் வண்டியைக் காப்பாற்றிக் கொள்வான். வாரத்துக்கு ஒருநாள், ஆறிய இஞ்சினில், தண்ணீரும் பெல்ட்டும் மூடியும் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால், இப்பழைய வண்டிகள் இன்னும் நெடுங்காலம் குடியானவர்களுக்கு உழைத்து வரும்.